சிலிண்டர் நின்ற மூலை

எஞ்சினை அவர் பார்க்கட்டும்.
பொனட்டைத் தூக்கி, காதைச் சரித்து
வைத்தியர் மாதிரி நிற்கட்டும் உதயரூபன்.
எனக்குத் தரை.

பொத்துவிலில், ஐஸ் கொம்பனிக்குப் பின்னால்
ஐப்பசி வெயில் விழுகிற வெறுங்காணியில்
நிற்கிறது லொறி.
முதலில் மீன் ஏற்றியதாம்.
பிறகு அலைச்சறுக்க வந்த ஒரு வெள்ளைக்காரன்
அதன் முதுகில் வீடு கட்டி
வீட்டின் விலாவில் ஓர் இழுப்பறையும் வைத்தான்:
சுவிட்சை அமத்தினால்
கட்டில் அளவு அறையொன்று
முனகிக்கொண்டு வெளியே வரும்.
போகும்போது
கராஜ் காசுக்குப் பதிலாய்
மசாஹிர் காக்காவிடம் விட்டுப்போனான்.

அந்த அறையில்தான் என் அடுப்பு.
அதன் யன்னலால்தான்
சித்திரை கழிய, சீசன் தொடங்க,
ரொட்டியும் தேத்தண்ணியும் நான் நீட்டவேணும்.
அதனால் செருப்பைக் கழற்றினேன்.

பதினொரு சீசன்
அறுகம்பேயில் மற்றவர்களின் அறை துடைத்த கால்கள்.
மணல் எது, சவர்க்காரம் எது,
வடியாமல் கிடக்கிற தண்ணீர் எது என்று
கண்ணுக்கு முன்னம் அவைக்குத் தெரியும்.

குதிக்காலை ஊன்றி
ஒரு சாண் தள்ளி மறுபடி ஊன்றி
டொக். டொக். டொக்.
விரிப்பு புதுசு.
கறுப்பு வெள்ளைச் சதுரம், கடை மணம் போகவில்லை.
பழைய லொறிக்கு எதற்குப் புதுச்சட்டை?
கேட்கவில்லை.
மழைக்கு முன்னம் விற்கிற எதிலும்
கொஞ்சம் அவசரம் இருக்கும்.
அதையும் விலையில் சேர்த்துத்தான் பார்க்கவேணும்.

டொக். டொக்.
மறுகா
டொ—

ஊறின பாணில் விரல் வைத்த மாதிரி.

அதற்கடுத்த மூலையில் ஒரு காஸ் சிலிண்டர்.
சிலிண்டரின் தலையில் கை வைத்தபடி
மசாஹிர் காக்கா,
பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்தவர் போல.

"இத ஒருக்கா அரக்கலாமா காக்கா?"
"வெறும் சிலிண்டர் தங்கச்சி. உள்ளுக்கு ஒண்டும் இல்ல."
"உள்ளுக்கு இல்ல. கீழுக்கு."

அவர் அசையவில்லை.
நான் இறங்கிப் போய்
நீட்டி நின்ற அறைக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்.
டோர்ச் வெளிச்சத்தில்
ஓரத்து றப்பர் கிழிந்து தொங்கியது.
பிளைவுட் தாள் தாளாய்ப் பிரிந்திருந்தது,
கணக்குக் கொப்பியை மழையில் விட்டது போல.
ஸ்குரூட்ரைவரை
குத்தவில்லை, வைத்தேன்.
பிடிவரை போனது.
கண்ணுக்குள் கறுப்புத் தூள் விழுந்தது.

அப்போதுதான் தலைக்கு மேலே
இரும்பு உருளும் சத்தம்.
அவராகவே அரக்கினார்.

திரும்ப ஏறுகையில் விரிப்பையும் உரித்துவிட்டிருந்தார்.
ஒரு கதவு அகலத்துக்குக் கறுப்பு.
அதன் நடுவில்
சின்னப் பாயொன்றின் பின்னல் அச்சு.

"போன மாரி முழுக்க நாங்க நாலு பேரும் இதுக்குள்ளதான்.
வீட்டுக் கூரைய பிரிச்சிட்டன், ஓட்டுக்குக் காசு வரல்ல.
அறைய வெளிய இழுத்தா தண்ணி வரும்.
உள்ள தள்ளினா புள்ளயளுக்குப் படுக்க இடமில்ல.
இழுத்துத்தான் வெச்சிருந்தம்."

முன்னாலிருந்து உதயரூபன் கத்தினார்:
"எஞ்சின் தங்கம்!"

பிளைவுட் இரண்டு தாள், றப்பர், சிலிக்கன்,
தச்சனுக்கு மூன்று நாள் கூலி.
இரண்டு இலட்சம் குறைக்கச் சொல்லத்தான்
வாய் திறந்தேன்.
ஒண்டரை என்று வந்தது.
அவர் ஒன்று இருபது என்றார்.
ஒண்டரை, என்றேன்.
அச்சைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.
அதற்குமேல் ஒரு ரூபாயும் விடவில்லை.

முற்பணம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினோம்.
உதயரூபன் தூங்கிவிட்டார்.
என் நகக்கண்ணுக்குள் தரை இருந்தது,
கிளற வரவில்லை.
கோமாரி தாண்ட, கண்ணாடியில்
முதல் துளிகள்.

அறையை உள்ளே தள்ளியிருப்பாரா?